மூன்றடி உயரத்தில்

"அப்பா, வண்டி வருதான்னு எனக்குத் தெரியலையே."

சாலையைக் கடக்க நின்றபோது மகள் சொன்னாள். குனிந்து அவள் உயரத்துக்கு உட்கார்ந்து பார்த்தேன். ஓரத்தில் நின்ற காரின் கதவும் சக்கரமும்தான் தெரிந்தன. சாலையே இல்லை!

எத்தனை முறை "பார்த்துப் போ" என்று சொல்லியிருப்பேன். எதைப் பார்ப்பாள் பாவம்?

வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கவே குழந்தைக்குச் சுமார் 10 வயதாக வேண்டும். இவளுக்கு 5.

அவள் தம்பி, நான் தள்ளிவந்த சைக்கிளின் பின்சீட்டில். அவன் 14 கிலோ. ஓடும்போது சைக்கிள் சாயாது, நிற்கும்போதுதான் சாயும். அதனால் ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை அவள் விரல்களில்.

அப்புறம் ஓரத்தில் கார்களே நிறுத்தியிராத இடம்வரை நடந்து போய்க் கடந்தோம். கொஞ்சம் சுற்றுதான்.

"இப்ப தெரியுதுப்பா" என்றாள்.