டிஎன் 63-க்கு பிரிமிட்டிவ் ரூட் கிடையாது

காரைக்குடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் டிஎன் 63 என்ற நம்பர் பிளேட் கண்ணில் படும். சிவகங்கை மாவட்டத்துப் பதிவெண். நெட், டிஆர்பி என்று தயாராகிறவர்கள் டோஷன்ட் கணக்குக்கு (ஓர் எண் வரை அதனோடு 1 தவிர பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பது; ஃபை என்று குறிப்போம்) வேறு எண் தேட வேண்டாம். ஆரம்பத்தில் வழுக்குகிற இடங்களில் முக்கால்வாசி இந்த 63-க்குள்ளேயே இருக்கின்றன.

63 = 9 × 7. ஃபை(9) = 9 − 3 = 6, ஃபை(7) = 6, ஆக ஃபை(63) = 36. இதையே 3 × 21 என்று பிரித்து 2 × 12 = 24 என்று எழுதுகிறவர்கள் உண்டு. 3-க்கும் 21-க்கும் பொதுக் காரணி இருப்பதால் அப்படிப் பெருக்கக் கூடாது. பகா எண்ணின் அடுக்கை உடைக்காமல் முழுசாக எடுங்கள்.

அடுத்து, 5¹⁰⁰-ஐ 63 ஆல் வகுத்தால் மீதி என்ன? ஆய்லர் தேற்றப்படி (பொதுக் காரணி இல்லாத எண்ணை ஃபை அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1) 5³⁶ ≡ 1; ≡ என்றால் வகுக்கும்போது ஒரே மீதி. 72 போக 5²⁸ மிச்சம். தப்பில்லை, ஆனால் வேலை பாக்கி இருக்கிறது. 9-க்கு 6, 7-க்கும் 6, இரண்டின் மீ.பொ.ம. 6. அதனால் 63 உடன் பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணும் ஆறாவது அடுக்கிலேயே 1 ஆகிவிடும். 100-இல் 96 போனால் 4. 5⁴ = 625, அதில் 567 போக 58. விடை அதுதான்.

ஓர் எண் முதன்முதலாக 1 ஆகிற அடுக்குதான் அதன் ஆர்டர்; அது ஃபை அளவுக்கே வந்தால் அந்த எண் பிரிமிட்டிவ் ரூட். 36 வரை தாக்குப்பிடிக்கிற எண் ஒன்றுகூட இல்லை என்பதால் 63-க்கு பிரிமிட்டிவ் ரூட்டும் இல்லை. 1, 2, 4, ஒற்றைப்படைப் பகா எண்ணின் அடுக்கு, அந்த அடுக்கின் இருமடங்கு: இவற்றுக்கு மட்டும்தான் உண்டு. ஜெர்மன் கணித மேதை காஸ் 1801-இலேயே முடித்துவைத்த விஷயம். ‘5³⁶ ≡ 1, ஆகவே ஆர்டர் 36’ என்று எழுதுவது அசலையும் வட்டியையும் ஒரே பத்தியில் ஏற்றிய பேரேடு மாதிரி. ஆர்டர் 36-ஐ வகுக்கும், அவ்வளவே. 5-இன் ஆர்டர் இங்கே 6.

இனி 41-க்கு ரூட் தேடுவோம். 41 பகா எண், ஆகவே ஃபை(41) = 40. 40 = 2³ × 5. 40-இன் வகுத்திகள் எல்லாவற்றையும் சோதிப்பது வீண் வேலை. பகாக் காரணிகள் 2, 5. ஆகவே 40/2 = 20, 40/5 = 8 என்ற இரண்டு அடுக்குகளைப் பார்த்தால் போதும். இரண்டிலும் 1 வரக் கூடாது. 2¹⁰ = 1024 ≡ −1, ஆகவே 2²⁰ ≡ 1; 2 போச்சு. 3-தான் ஆளை ஏமாற்றும். 3⁴ = 81 ≡ −1, அதனால் 3²⁰ ≡ −1. இதைப் பார்த்துவிட்டு டிக் போட்டால் மதிப்பெண் போகும், ஏனென்றால் 3⁸ ≡ 1. 4 வர்க்கம் (2²), அதன் 20-ஆம் அடுக்கு 2⁴⁰ ≡ 1; தொடவே வேண்டாம். 5⁴ ≡ 10, 5¹⁶ ≡ −4, பெருக்கினால் −40 ≡ 1, 5-ம் போச்சு. 6² ≡ −5, 6⁴ ≡ 25, 6⁸ ≡ 10, 6¹⁶ ≡ 18; 6²⁰ ≡ 18 × 25 = 450 ≡ −1. இரண்டு சோதனையிலும் 6 தப்பித்தது. மொத்தம் ஃபை(40) = 16 ரூட்கள்; மற்றவை வேண்டுமென்றால் 40 உடன் பொதுக் காரணி இல்லாத அடுக்குகளுக்கு 6-ஐ உயர்த்துங்கள்.

தோற்ற எண்களையும் தூக்கிப் போட வேண்டாம். 2-இன் ஆர்டர் 20, ஆகவே 2⁴-இன் ஆர்டர் 5. 3-இன் ஆர்டர் 8. 5-க்கும் 8-க்கும் பொதுக் காரணி இல்லை; 16 × 3 = 48 ≡ 7, இதன் ஆர்டர் கண்டிப்பாக 40. சோதிக்காமலே இன்னொரு ரூட் கைக்கு வந்துவிட்டது. பெரிய பகா எண்களில் இந்த வழிதான் எனக்குப் பிடிக்கும்.

பகா எண்ணுக்குக் கிடைத்த ரூட் அதன் வர்க்கத்துக்கும் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். 29-க்கு 14 ஒரு ரூட். ஆனால் 29² = 841-இல் 14⁷ ≡ 41, 41² = 1681 ≡ −1, ஆக 14²⁸ ≡ 1. வேண்டிய ஆர்டர் 29 × 28 = 812; 14 பாதி வழிகூடப் போகவில்லை. 29-ஐக் கூட்டி 43-ஐ எடுத்தால் சரியாகிவிடும். 29-இன் மேல் அடுக்குகளுக்கும் அதே 43 போதும்.

82-க்குக் கேட்டால் 6 ஆகாது, இரட்டைப்படை. 41-ஐக் கூட்டி 47 என்று எழுதுங்கள்.