வில் வளைவு: இரு பாடங்களில் வரும் ஒரு சொல்

உயர்தரத்தில் புவியியலையும் சித்திரத்தையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு ‘ஆர்ச்’ என்ற சொல் ஒரு பாடத்தில் கட்டடமாகவும் மறுபாடத்தில் பாறையாகவும் வந்து நிற்கும். திருகோணமலையில் இவ்விரு பாடங்களையும் படித்து, இப்போது அடுத்த அணியினருக்குச் சொல்லிக்கொடுத்து வருகின்ற எனக்கு, அச்சொல்லை வேரிலிருந்து பிடித்ததே இரு விடைத்தாள்களிலும் கைகொடுத்தது.

இலத்தீனில் ‘ஆர்க்குஸ்’ என்றால் வில். அது பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து ‘ஆர்ச்’ ஆயிற்று. நாம் வில் வளைவு என்று சொல்வதும் அதே உருவத்தைப் பார்த்துத்தான். கணிதத்தின் வட்டவில்லும், அலூசியன் தீவுகளைப் பற்றிப் படிக்கும்போது வரும் தீவு வில்லும் (வில்போல் வளைந்த தீவு வரிசை) இந்த வேரையே சேர்ந்தவை. ஆனால் தீவுக்கூட்டத்தைக் குறிக்கும் ‘ஆர்க்கிபெலகோ’, மிகப் பழைய பாறைகளின் காலமான ‘ஆர்க்கேயன்’, கட்டடக் கலைஞரைக் குறிக்கும் ‘ஆர்க்கிடெக்ட்’ ஆகியவை தலைமை, தொடக்கம் என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து வந்தவை. ‘ஆர்க்கிடெக்ட்’ என்பதன் நேர்ப்பொருள் தலைமைத் தச்சர். வளைவு கட்டுபவர் என்று விளக்கம் எழுதிய விடைகளை நான் திருத்தியிருக்கிறேன்.

கட்டடக்கலையில் வளைவின் சூட்சுமம் அழுத்தம்தான். கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே இரு தூண்களுக்கு மேல் கிடையாக வைத்த உத்தரக்கல், இடைவெளி கூடினால் அடிப்பக்கம் இழுபட்டு வெடித்துவிடும். நமது கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதற்கு இதுவே முக்கிய காரணம். வளைவிலோ ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி, மேற்பாரத்தைப் பக்கவாட்டாகக் கீழே கடத்துகின்றன. உச்சிக்கல் பொருந்தும்வரை அடியில் மரச்சட்டம் முட்டுக்கொடுக்க வேண்டும், இரு புறமும் வெளித்தள்ளும் விசையைத் தடுக்கக் கனத்த சுவர் வேண்டும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டையின் வாயிலுக்குள் நுழையும்போது சற்று நின்று, வளைவின் இருபுறத்துச் சுவர்த் தடிப்பைப் பாருங்கள். படத்தில் அம்புக்குறிகளை எந்தத் திசைக்கு வரைவது என்பது பிறகு மறக்காது.

புவியியலில் கதை தலைகீழானது. அங்கே யாரும் கல்லை அடுக்குவதில்லை. இருந்த பாறையிலிருந்து நலிந்த பகுதி கழிந்துபோக, எஞ்சியதே வளைவாகிறது. கடலுக்குள் நீளும் முனையின் மூட்டுகளையும் (பாறையில் இயல்பாக அமைந்த பிளவுக்கோடுகள்) வெடிப்புகளையும் அலைகள் தாக்கிக் குகையாக்கும். குகை முனையை ஊடறுத்தால் கடல் வளைவு தோன்றும். அதன் மேற்பகுதி இடிந்தால் தனித்த பாறைத்தூண் மிஞ்சும். இந்த வரிசையைக் காரணத்தோடு எழுத வேண்டும், ஏனெனில் ‘அலை அரிப்பால் உருவாகும்’ என்ற ஒற்றை வரி பெயரை மட்டுமே விளக்கும், நிகழ்வை விளக்காது. மால்டாவின் கோசோ தீவிலிருந்த ‘அசூர் விண்டோ’ 2017 மார்ச் 8ஆம் திகதி புயலின்போது இடிந்தது நல்ல உதாரணம். அங்கே வளைவோடு அதைத் தாங்கிய தூணும் சேர்ந்தே விழுந்துவிட்டதால், பாடப்புத்தக வரிசை எல்லா இடத்திலும் அப்படியே நிறைவேறாது என்பதையும் அதைக் கொண்டே காட்டலாம்.

வளைவு உருவாகக் கடல் கட்டாயமில்லை. திருமலை என்றாலே நமக்கு நம் ஊரான திருகோணமலைதான். ஆனால் ஆந்திராவின் திருமலையில் வெங்கடேசுவரர் கோயிலுக்கு அருகிலுள்ள சிலாதோரணம், குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையில் வானிலையாலழிதலும் (வெயில், மழை முதலியவற்றால் பாறை சிதைவது) நீரரிப்பும் செதுக்கிய வளைவு. பாறைப்படைகள் மேல்நோக்கி மடிந்த பரந்த அமைப்பையும் புவிச்சரிதவியலாளர் ‘ஆர்ச்’ என்பதுண்டு. அதற்கும் திறந்த வாயிலுக்கும் தொடர்பில்லை என்று தெரிந்துகொண்டால் போதும்.

உள்ளூர் உதாரணம் தரும் ஆர்வத்தில் சிலர் கோணேசர் கோயில் அமைந்துள்ள சுவாமி மலையின் இராவணன் வெட்டைக் கடல் வளைவு என்று எழுதுகிறார்கள். அது மேலே திறந்த பாறைப் பிளவு. இரு பக்கங்களையும் இணைக்கும் மேற்பாறை இல்லாத எதையும் வளைவென்று எழுதக் கூடாது. அதை மூட்டுகளுக்கும் வெடிப்புகளுக்குமான உதாரணமாக, குகை தோன்றுவதற்கு முந்திய படியில் வைத்து எழுதினால் பொருந்தும்.