எல்லா நகையையும் ஒரே தண்ணில கழுவாதீங்க

போன மாசம் பீரோவ ஒழிக்கும்போது அம்மாவோட கெம்புக்கல் ஜிமிக்கி கைல கிடைச்சது, நாகர்கோவில் வடசேரில வாங்கினது, சின்ன வயசுல என் டான்ஸ் ப்ரோகிராமுக்கெல்லாம் அதான் போடுவேன். அழுக்கா இருக்கேன்னு தங்கக் கம்மலோட சேத்து பூந்திக்கொட்டை தண்ணில கால் மணி நேரம் ஊறப்போட்டுட்டேன். எடுத்து துடைச்சப்போ நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா ரெண்டு கல்லு மட்டும் காஞ்ச ரத்தம் மாதிரி கருத்துக் கிடக்கு, எனக்கு வயிறே கலங்கிடுச்சு.

நாகர்கோவில் போனப்போ அத எடுத்துட்டுப் போய் ஒரு வயசான ஆசாரிகிட்ட காட்டினேன். "மக்ளே, இதுல தண்ணி படப்பிடாது கேட்டியா"ன்னுட்டு ஒரு கல்ல நெம்பி எடுத்துக் காட்டினாரு. கல்லுக்கு அடில மெல்லிசா ஒரு பளபளப்புத் தகடு இருக்கு, வெளிச்சம் உள்ள போய் அதுல பட்டுத் திரும்பி வர்றதாலதான் அந்த செவப்பு அப்படி எரியுது. பின்பக்கம் மூடியிருக்கறதால உள்ள போன தண்ணி வெளிய வர வழியே இல்ல, தகடு மங்கிப் போச்சு. அரக்கு வச்சுப் பதிச்ச நகைன்னா சுடுதண்ணியும் ஆகாது, அரக்கு இளகி கல்லு ஆடும். இப்பல்லாம் போட்டுக் கழட்டினதும் காஞ்ச காட்டன் துணில ஒத்தி எடுக்கறதோட சரி.

நான் வீட்ல டெரகோட்டா நகை செய்யறேன், எங்கிட்ட வாங்கறவங்க அதிகமா கேக்கறது "தண்ணி பட்டா கரையுமா"ன்னுதான். சரியா சுட்ட மண்ணு கரையாதுங்க. போறது மேல அடிச்ச பெயிண்ட்தான், ஏன்னா அது சுட்டதுக்கு அப்புறம் கையால பூசற அக்ரிலிக். சென்ட்ட கழுத்துல நேரா அடிச்சுட்டு அது காயறதுக்குள்ள மாலைய போட்டா வார்னிஷ் பிசுபிசுன்னு ஆகி தூசி ஒட்டிக்கும். இடுக்குல இருக்கற தூசிய பெயிண்ட் அடிக்கற சின்ன பிரஷ்ஷால காஞ்சபடியே தட்டி விடுங்க. ஜிமிக்கிய ஒண்ணோட ஒண்ணு இடிக்காம தனித்தனியா பஞ்சுல சுத்தி வைங்க, விளிம்பு பேந்து போறது பெரும்பாலும் டப்பாக்குள்ளதான்.

வெள்ளி வேற கதை. கொலுச ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தேன், பிரிச்சா ரப்பர் சுத்தின இடம் மட்டும் கோடு போட்ட மாதிரி கருப்பு! ரப்பர்ல இருக்கற கந்தகம் வெள்ளியோட சேர்றதாலதான் அது. காத்துல இருக்கற கந்தகமும் இதே வேலையத்தான் மெதுவா செய்யுது, அதனால ஜிப் கவர்ல காத்த வெளிய அமுக்கிட்டு வைங்க. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீங்க, பொடிப்பொடியா கீறல் விழும். பாத்திரத்துல அலுமினியம் ஃபாயில் விரிச்சு சோடா உப்பு போட்டு சுடுதண்ணி ஊத்தி அதுல போட்டா கருப்பு போயிரும், ஆனா ஆக்ஸிடைஸ்டு நகைய மட்டும் அதுல போட்றாதீங்க ப்ளீஸ். அதுல இருக்கற கருப்பு அழுக்கில்ல, பூவோட நரம்பு தெரியணும்னு செஞ்சவங்க வேணும்னே ஏத்தினது. கல்லு வச்ச வெள்ளியும் வேணாம்.

முத்தும் பவளமும் சுண்ணாம்பு வகை, எலுமிச்சை, புளி, வினிகர் பட்டா மேல்பரப்பே அரிச்சுப் போயிரும். வேர்வையும் ஆகாது. மேக்கப், சென்ட் எல்லாம் முடிச்சு கடைசியா போடுங்க, வீட்டுக்கு வந்ததும் மொதல்ல கழட்டுங்க, ஈரத்துணிய நல்லாப் பிழிஞ்சு துடைச்சு காய விட்டு வைங்க. மாலைய தொங்க விடாம படுக்க வச்சாத்தான் நூல் தொய்யாது. முத்துக்கு முத்து முடிச்சு போட்டுக் கோக்கச் சொல்லுங்க, அறுந்தாலும் ஒண்ணுதான் விழும்.

பட்டு நூல் வளையலுக்கு ஒண்ணே ஒண்ணு, பாத்திரம் தேய்க்கும்போது கழட்டி வச்சிருங்க. ஈரம் பட்டா பசை விட்டு நூல் பிரியும்.

அம்மா ஜிமிக்கிக்கு ஆசாரி புதுத் தகடு வச்சுக் குடுத்துட்டாரு. அந்த ரெண்டு கல்லும் இப்ப மத்ததவிட கொஞ்சம் தூக்கலா மின்னுது, அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க, ஆனா ஒண்ணும் சொல்லல.