சீனியை எங்கே விடுவது?

பதினாறு வயதுப் பூனை வீட்டுக்குள் கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், அதை நோய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. திமிர், பொறாமை, வயதுக் கோளாறு என்று ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள். எங்கள் சீனிக்கும் வைத்தார்கள்.

கீழக்கரையில் எங்களுடையது பழைய வீடு. முற்றத்து மூலையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையக் கடற்கரை மணல். இத்தனை வருடமாகச் சீனி அதைத் தாண்டி வேறெங்கும் போனதில்லை. சென்ற மழைக்காலத்தில்தான் ஆரம்பித்தது. முதலில் தொட்டிக்கு வெளியே, பிறகு குளியலறையில், கடைசியில் மாமியின் தொழுகை விரிப்பில்.

பூனை வாய் வைத்த தண்ணீரில் ஒளு, அதாவது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவது, செய்யலாம் என்று சிறுவயதிலேயே ஓதிப்படித்தவர்கள் நாங்கள். மடியிலும் பாயிலும் படுத்துத்தான் எங்கள் ஊரில் பூனை வளரும். ஆனால் அதன் சிறுநீர் நஜீஸ், அசுத்தம். பட்ட இடத்தைக் கழுவாமல் தொழ முடியாது. முட்டிவலியோடு ஐந்து வக்துத் தொழுகைக்கும் விரிப்பை முகர்ந்து பார்த்துவிட்டு நிற்க வேண்டியிருந்த மாமியின் சங்கடம் சின்னதல்ல. அவருக்கும் ஒரு வழி பிறக்க வேண்டும் என்றுதான் நான் தவித்தேன்.

"மீன் இறக்கும் இடத்தில் கொண்டுபோய் விடு மகளே, தின்று பிழைத்துக்கொள்ளும்" என்றார் மாமி. இந்தக் கரையோரத்தில் வேண்டாத பூனைக்கு எல்லோரும் சொல்லும் வழி அது. அங்கே இருக்கும் பூனைகள் அங்கேயே பிறந்து, கடிபட்டு, இடம் பிடித்தவை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது அவற்றுக்கே வயிறு ஒட்டிவிடும். பாதிப் பல் உதிர்ந்து, முள் எடுத்த சூடை மீனைப் பிசைந்து வைத்தால் மட்டும் தின்னும் சீனி அங்கே எப்படிப் பிழைப்பாள்? துபாயிலிருந்து கணவர், "வலியில்லாமல் ஊசி போட்டுவிடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். என்ன நோய் என்றே தெரியாமல் எந்த முடிவுக்கும் வர எனக்கு மனமில்லை.

ஒரு மாலை முழுக்க முற்றத்தில் உட்கார்ந்து அவளையே கவனித்தேன். சீனி தொட்டிக்குத்தான் போனாள். முன்கால் இரண்டையும் மணலில் வைத்தாள். பின்காலைத் தூக்கப் பார்த்தாள். விளிம்பில் இடித்ததும் இறக்கிக்கொண்டாள். மறுபடியும் தூக்கினாள். முடியவில்லை. முன்பாதி உள்ளேயும் பின்பாதி வெளியேயுமாக அப்படியே குந்தினாள். சிறுநீர் தரையில் ஓடியது. முன்காலால் மணலைத் தள்ளி அதை மூடப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்த மாமிக்கும் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு திமிர் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

ஓடிய அளவும் அதிகமாகவே இருந்தது. எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர். குடிக்க விலைக்கு வாங்குகிறோம். அதனால் எந்தப் பாத்திரம் எப்போது காலியாகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சீனியின் கிண்ணத்தை முன்பைவிட அடிக்கடி நிரப்பிக்கொண்டிருந்தோம்.

முதலில் காட்டிய மருத்துவர் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வயதாகிவிட்டது, என்ன செய்ய?" என்று ஓர் ஊசி போட்டு அனுப்பினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. வயது ஒரு நோயா? கூடையில் வைத்து, மேலே துணி போர்த்தி, பஸ்ஸில் ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே பார்த்தவர் இடுப்பையும் பின்கால் மூட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. இரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். சிறுநீரை வீட்டிலேயே பிடித்து வரச் சொன்னார். குளியலறைத் தரையை வெந்நீரால் மட்டும் கழுவிக் காயவிட்டு, அவள் போனதும் ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சர்க்கரை இல்லை, கிருமித் தொற்று இல்லை. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 2.4. சிறுநீரின் அடர்த்தி 1.014; நல்ல சிறுநீரகம் உள்ள பூனைக்கு இது பெரும்பாலும் 1.035க்கு மேல் இருக்கும். சிறுநீரகத்தின் பெரும்பகுதி செயலிழந்த பிறகுதான் கிரியேட்டினின் ஏறும் என்றார் மருத்துவர். சிறுநீரைக் கெட்டிப்படுத்த முடியாததால் நிறையப் போகிறது, அதை ஈடுகட்ட நிறையக் குடிக்கிறாள். அடிக்கடி தொட்டிக்குப் போக வேண்டிய நேரத்தில் ஏற முடியாத இடுப்பு. இரண்டும் சேர்ந்துதான் விரிப்பு வரை வந்திருக்கிறது. குணமாகாது, ஆனால் கட்டுக்குள் வைத்து நன்றாகவே வாழவைக்கலாம் என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

செய்தவை பெரிய காரியங்கள் அல்ல. தொட்டியின் ஒரு பக்கத்தை நாலு விரல் உயரத்துக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கினோம். குளியலறை அருகே இன்னொரு தொட்டி வைத்தோம். கருவாட்டை நிறுத்தினோம். தொழுகை அறைக்கு வலைக்கதவு போட்டதில் மாமிக்கு நிம்மதி. சில வலி மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் முடிவுகளைப் பார்த்த பிறகே மருந்து எழுதினார். பக்கத்து வீட்டில் ஒருவர் குழந்தைகளுக்கான பாரசிட்டமால் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள் என்றார். பூனைக்கு அது விஷம், ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும். பினாயிலும் ஆகாது. கழுவிய தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். இப்போது சிறுநீர் வாடையைச் சிதைக்கும் என்சைம் திரவம் தெளித்துத் துடைத்துவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். வாடை மிச்சமிருந்தால் பூனை அதே இடத்தைத் தேடி வரும்.

உடம்பு வற்றும் நாட்களில் தோளுக்கு நடுவே தோலைத் தூக்கி, ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர் மருந்தை ஏற்றுகிறோம். மருத்துவர் சொல்லிக் கொடுத்தார். மகள் அவள் தலையைத் தடவிக்கொண்டிருப்பாள், நான் ஊசியைச் செருகுவேன். ஏற்றிய தண்ணீர் தோலுக்கடியில் உப்பி நின்று, சில மணி நேரத்தில் உடம்பில் சுவறிவிடும்.

கணவர் கேட்ட கேள்வியையும் ஒதுக்கிவிடவில்லை. மருத்துவரிடமே கேட்டேன். சாப்பாட்டை ஒதுக்கினால், உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டால், ஆள் அருகில் வந்தும் தலை தூக்காமல் கிடந்தால், அப்போது பேசலாம் என்றார். மூவரும் அதற்கு ஒப்புக்கொண்டோம். இப்போதைக்குச் சீனி சாப்பிடுகிறாள், அறுத்த பக்கமாக ஏறித் தொட்டியில் உட்காருகிறாள். என்றாவது தவறினால் மாமியே தண்ணீர் எடுத்துவரச் சொல்கிறார். அடுத்த இரத்தப் பரிசோதனை பெருநாள் முடிந்த பிறகு.