தோளிலிருந்து விரலுக்கு: தெரபி அறை நாட்குறிப்பு

3 ஜூன், செவ்வாய்

இன்று ஆக்குபேஷனல் தெரபிக்கு, அதாவது எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் குழந்தையின் உடம்பைத் தயார்செய்யும் சிகிச்சைக்கு, புதிதாக ஒரு பையன் வந்தான். வயது ஐந்து. "எழுதவே மாட்டேங்கிறான் மேடம், பென்சிலைக் கொடுத்தாலே அழுகைதான்" என்றார் அம்மா. நோட்டையும் கொண்டுவந்திருந்தார். முதல் பக்கத்தில் இரண்டு கோடுகள், மூன்றாவது கோடு போகும் வழியிலேயே தாள் கிழிந்திருந்தது. நோட்டை ஓரமாக வைத்துவிட்டு, அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரையில் உட்கார்ந்தால் இரண்டு கால்களையும் பக்கவாட்டில் மடக்கி, ஆங்கில டபிள்யூ மாதிரி போட்டுக்கொள்கிறான். நாற்காலியில் மூன்று நிமிடம்கூட நிமிர்ந்து இருக்க முடியவில்லை. மேசை மேல் சரிந்து இடக்கையால் தலையைத் தாங்கிக்கொள்கிறான். வலப்பக்கம் கிடக்கும் கிரேயானை வலக்கையாலும் இடப்பக்கம் கிடப்பதை இடக்கையாலும் எடுக்கிறான். எந்தக் கையும் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிப் போவதில்லை. மணல் தட்டைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான்.

"எப்போ எழுத வைப்பீங்க?" என்று கேட்டார் அம்மா. இப்போதைக்கு இல்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஒரு கை தலையைத் தாங்கப் போய்விட்டால் தாளைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? முதுகு நிற்க வேண்டும், அப்புறம் தோள் நிற்க வேண்டும், அதன் பிறகுதான் விரலுக்கு வேலை. இதை அவருக்கு இன்னும் நிதானமாகச் சொல்லியிருக்கலாம்.

5 ஜூன், வியாழன்

பலகை ஊஞ்சலில் குப்புறப் படுக்க வைத்தேன். தரையில் கைக்கு அடங்கும் சின்னத் துணி மூட்டைகள், எதிரே ஒரு கூடை. ஊஞ்சல் முன்னும் பின்னும் போகும்போது ஒவ்வொரு மூட்டையாக எடுத்துக் கூடையில் போட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இது விளையாட்டு. உண்மையில் கழுத்தும் முதுகும் புவியீர்ப்பை எதிர்த்து நிமிர்ந்துகொண்டிருக்கின்றன, உட்காதின் சமநிலை உணர்வுக்கும் வேலை நடக்கிறது. நான்கு மூட்டை போட்டான். ஐந்தாவதுக்குத் தலை தொங்கிவிட்டது. அதோடு நிறுத்தினேன்.

10 ஜூன், செவ்வாய்

என் தவறு, எழுதி வைக்கிறேன்.

ஊஞ்சலைச் சுற்றிவிடச் சொன்னான். சிரிப்பு தாங்கவில்லை அவனுக்கு. "இன்னும் மிஸ், இன்னும்" என்றான், நானும் சுற்றினேன். திடீரெனச் சிரிப்பு நின்றது. உதடு வெளுத்து, நெற்றியில் பொடி வியர்வை, ஒரு கொட்டாவி. உடனே நிறுத்தினேன். ஆனால் சுழற்சியின் விளைவு நிறுத்தின நிமிடமே தீராது, பல மணி நேரம் கழித்தும் தொடரலாம். மாலையில் அம்மா போன் செய்தார்: சாப்பிடாமல் படுத்திருக்கிறானாம்.

சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது என் பிழை. கிளர்ச்சி கூடும்போதும் குழந்தை சிரிக்கும். முகத்தின் நிறம், மூச்சு, வியர்வை, இவற்றைத்தான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இனி நேராக முன்னும் பின்னும் மட்டும், அதுவும் மெதுவாக. ஊஞ்சலுக்குப் பிறகு தசைக்கும் மூட்டுக்கும் வேலை கொடுக்கும் கனமான ஏதாவது: பெட்டியைத் தள்ளுவது, கயிறு இழுப்பது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது நிதானத்தைத் தருவதைப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

19 ஜூன், வியாழன்

மணல்.

தொடுதலுக்கு மிரளும் குழந்தைகளைப் பற்றி அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸ் 1964-லேயே எழுதியிருக்கிறார். சென்சரி இன்டக்ரேஷன் (புலன்கள் தரும் தகவலை மூளை ஒருங்கிணைப்பது) என்று இன்று நாங்கள் சொல்வதெல்லாம் அவர் போட்ட பாதைதான். லேசாகப் படும் தொடுதல் இந்தக் குழந்தைகளைத் துள்ள வைக்கும். அழுத்தமான தொடுதலைப் பல நேரம் ஏற்றுக்கொள்வார்கள். "அடம்" என்று பெரியவர்கள் பெயர் வைப்பது, அந்தக் குழந்தையின் தோலுக்கு நிஜமாகவே தாங்க முடியாத ஒன்று. கையைப் பிடித்து மணலில் அழுத்தினால் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அப்படிச் செய்தால் மணலோடு சேர்த்து நம்மையும் வெறுக்கத்தான் பழகும்.

இன்று முதலில் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே படுத்து அழுத்தம் வாங்கிக்கொண்டான். பிறகு தட்டின் பக்கத்தில் ஈரத் துணி ஒன்றை வைத்து, "எப்போ வேணும்னாலும் துடைச்சுக்கலாம்" என்றேன். முதலில் தூரிகை. தூரிகையால் மணலில் பாதை போட்டான். அடுத்து பொம்மைக் கார், அந்தப் பாதையில். காரின் பின் சக்கரம் புதைந்துவிட்டது.

தள்ளிப் பார்த்தான், நகரவில்லை. என்னைப் பார்த்தான், நான் பேசாமல் இருந்தேன். ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, மற்ற விரல்களை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு, சக்கரத்தின் பக்கத்து மணலை ஒரு தடவை தள்ளினான். உடனே துணி. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுபடி ஒரு தடவை, மறுபடி துணி. நான்காவது தடவை துடைக்க மறந்துவிட்டான்.

அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

26 ஜூன், வியாழன்

காய்ச்சலாம். வரவில்லை.

8 ஜூலை, செவ்வாய்

எடை வைத்த ஜாக்கெட் வாங்கலாமா என்று அம்மா கேட்டார். சில குழந்தைகள் அதை விரும்பிப் போட்டுக்கொள்கிறார்கள், ஆனால் கவனம் கூடும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் இல்லை. வேண்டாம் என்றேன். துவைத்த துணிக் கூடையை அவனே தூக்கிக்கொண்டு போகட்டும், நாற்காலியைத் தள்ளி மேசைக்குள் விடட்டும், பாதி வாளித் தண்ணீரைச் செடிக்குக் கொண்டுபோகட்டும். உடம்புக்கு வேண்டிய வேலை அதிலேயே இருக்கிறது. வீட்டுக்கும் உபயோகம்.

17 ஜூலை, வியாழன்

சுவரில் பெரிய தாள் ஒட்டினேன். நிமிர்ந்து நிற்கும் பரப்பில் வரையும்போது மணிக்கட்டு தானாகப் பின்னோக்கி வளைந்து நிலைக்கும், தோளுக்கும் வேலை. கிரேயானை உடைத்துச் சிறு துண்டாகக் கொடுத்தேன். துண்டு சின்னதாக இருந்தால் முழுக் கையால் இறுக்கிப் பிடிக்க இடமிருக்காது, மூன்று விரல்தான் பிடிக்கும்.

படுத்த எட்டு ஒன்றை வரைந்து, அதன் மேலேயே போகச் சொன்னேன். நடுவுக்கு வந்ததும் கிரேயானை மறு கைக்கு மாற்றினான். ஒரே கையால் என்றதும், கையை மாற்றாமல் காலை நகர்த்தி உடம்பையே அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டான்! நடுக்கோட்டைத் தாண்டாமலிருக்க எத்தனை வழி கண்டுபிடிக்கிறது அந்த உடம்பு. முட்டி போட வைத்தேன். இப்போது நகர முடியாது. மூன்றாவது சுற்றில் வலக்கை இடப்பக்கம் போய்த் திரும்பி வந்தது. அவனுக்கு அது தெரியாது. எனக்குத்தான் உள்ளுக்குள் துள்ளல்.

வட்டத்தைப் பார்த்து வட்டம் போட்டான். கூட்டல் குறியும் வந்தது, கொஞ்சம் சாய்வாக. வட்டம் மூன்று வயதுவாக்கில் வருவது, கூட்டல் குறி நான்கு வயதுவாக்கில். முக்கோணம் இன்னும் வரவில்லை. சரி, வரும்.

29 ஜூலை, செவ்வாய்

சட்டைப் பித்தான். கடைசியிலிருந்து தொடங்கினோம்: பித்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துவிடுவது நான், இழுத்து வெளியே எடுப்பது அவன். முடிக்கிற வேலை குழந்தையுடையதாக இருந்தால் "நான்தான் போட்டேன்" என்று சொல்ல முடியும். அடியிலிருந்து இரண்டு பித்தான் முடிந்தது. மூன்றாவதற்கு என் கையைத் தள்ளிவிட்டு, நாக்கை வெளியே நீட்டியபடி அவனே நுழைக்கப் பார்த்தான். தப்பான துளை. அப்படியே விட்டுவிட்டோம், கோணலாகவே வீட்டுக்குப் போனான்.

பென்சிலை இன்னும் தொடவில்லை. அம்மாவும் இன்று நோட்டைக் கொண்டுவரவில்லை. "வாளியில தண்ணி எடுத்துட்டுப் போறான் மேடம், பாதி வழியில கொட்டிடுறான்" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமைக்கு: இடுக்கி, பஞ்சு உருண்டைகள், முட்டி போட்டபடி. முகத்தைப் பார்த்துக்கொண்டே.