மிச்சத் தூள்

அப்பா போய் இந்த ஆடியோடு ஆறு வருஷம். திதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன், உள்ளே கடையின் நீளக் கணக்கு நோட்டுகள் ஐந்து. காபி வாசனை கொஞ்சமாவது மிச்சம் இருக்கும் என்று முகர்ந்து பார்த்தேன். எலிப்புழுக்கை நாற்றம்தான் வந்தது.

மாயவரத்தில் பட்டமங்கலத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் அப்பா காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடை வைத்திருந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம், முன்னால் பெல்ட் போட்ட அரவை மிஷின், பின்கட்டில் வறுக்கிற டிரம். முதலில் கரி அடுப்பு, கையால் சுற்றுவது, மோட்டார் எல்லாம் நான் பிறந்த பிறகு வந்ததுதான். ஒரு கிலோ பச்சைக் கொட்டை போட்டால் வறுபட்டு எண்ணூறு, எண்ணூற்றைம்பது கிராம்தான் தேறும், மீதி புகையாய்ப் போய்விடும். அந்தப் புகை எங்கள் யூனிஃபார்ம், தலைமுடி, பாடப்புத்தகம் வரை ஏறியிருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்தால் பின்சீட்டிலிருந்து யாராவது "யாருங்க காபித்தூள் வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள், எனக்கும் அக்காவுக்கும் அவமானமாக இருக்கும். அப்பா மட்டும் திரும்பி, "தூள் இல்லீங்க, நாங்கதான்" என்பார்.

நோட்டில் பெயர்களே கிடையாது. "80/20 மாடி வீடு", "பீபரி பாதி ஏ பாதி, கணக்கு வாத்தியார்", "60/40 மெஸ்" என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கிறது. முதல் எண் காபி, இரண்டாவது சிக்கரி. பீபரி தெரியாதவர்களுக்கு ஒரு வரி: காபிப் பழத்துக்குள் சாதாரணமாகத் தட்டையாக இரண்டு கொட்டை ஒட்டிக்கொண்டு இருக்கும், சில பழத்தில் மட்டும் ஒற்றையாய் உருண்டு இருக்கும், அதுதான் பீபரி. ஏ என்பது தட்டைக் கொட்டையில் ஒரு தரம். சிக்கரி காபியே இல்லை, ஒரு செடியின் வேர், வறுத்துப் பொடித்துச் சேர்ப்பது, கெட்டியும் கறுப்பும் தரும். கடையில் விற்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 51 சதவீதம் காபி இருந்தால் போதும் என்று சட்டமே விட்டிருக்கிறது.

வீட்டிலும் அவர் மனிதர்களை இப்படித்தான் சொல்வார். "அந்த எண்பது இருபது டீச்சர் பொண்ணுக்கு வரன் அமைஞ்சிருச்சாம்." அம்மாவுக்குப் புரிந்துவிடும். ஒரு குடும்பம் எண்பதிலிருந்து எழுபதுக்கும், பிறகு அறுபதுக்கும் இறங்கினால் அங்கே என்ன நடக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும், ஆனால் கேட்க மாட்டார். நோட்டில் பழைய எண்ணை அடித்துப் புது எண்ணை எழுதுவதோடு சரி. மாடி வீட்டுப் பக்கத்தில் அப்படி மூன்று அடித்தல் இருக்கிறது, கடைசியில் "50 கிராம், தினம்" என்று இருக்கிறது. மாதம் இரண்டு கிலோ வாங்கிய வீடு.

1994 ஜூலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரேசில் உலகக் கோப்பையை ஜெயித்து எங்கள் தெருப் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள், அப்பா வாசலில் நின்று பிரேசிலைத் திட்டிக்கொண்டிருந்தார். அங்கே உறைபனி விழுந்து காபிச் செடிகள் கருகிப்போயிருந்தன, உலகச் சந்தையில் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. அதற்கு முன்னால் என்றால் தோட்டக்காரர்கள் விளைந்ததை எல்லாம் காபி வாரியத்திடம்தான் கொடுக்க வேண்டும், அந்தக் கட்டு 90களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து 1996ல் முழுசாகப் போனது. வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கும்போது பட்டிவீரன்பட்டி வியாபாரி மாயவரத்துச் சந்துக் கடைக்கு எதற்குப் பழைய விலைக்கு மூட்டை அனுப்புவார்?

சிக்கரியைச் சத்தமில்லாமல் கூட்டிவிட்டால் தீர்ந்தது, பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. அப்பா ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொன்னார், "அண்ணே, அதே காசுன்னா சிக்கரி கூடும், அதே தூள்னா காசு கூடும், எது வேணும்?" இதைக் கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு, அங்கே அதே காசுக்குச் சிக்கரி கூடிய தூளை வாங்கிக்கொண்டு, "பாருங்க, அவரு விலையே ஏத்தலை" என்று எங்களிடமே சொன்னார்கள். அந்த வருஷம் அம்மாவின் இரட்டை வடம் அடகுக்குப் போனது, அது அடகில் இருந்ததே அக்கா கல்யாணப் பேச்சின்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதை நேர்மை என்று சொல்பவர்கள் சொல்லட்டும், அதில் வீம்பும் கலந்திருந்தது என்று கூட இருந்தவளுக்குத் தெரியும். நேர்மை அறுபது வீம்பு நாற்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

கோபக்காரரும்கூட. வறுபடும்போது யாரும் பேசக் கூடாது, கொட்டை வெடிக்கிற சத்தம் காதில் விழ வேண்டும். பேசினால் கரண்டி பறக்கும். அரைத்த தூளைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார், "சூடா இருக்கு, போனதும் டப்பால கொட்டி ஆறவிட்டு மூடுங்க" என்பதை ஒரு நாளைக்கு நூறு முறை சொல்வார், அதில் சலிப்பே வராது.

நான் பி.காம். முடித்த திமிரில் பாக்கெட் போடலாம், பெயர் வைக்கலாம், கும்பகோணம் வரை கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு நோட்டு நிறைய எழுதிக் கொடுத்தேன். "பாக்கெட்டுன்னா ஆறு மாசம் உயிரோட இருக்கணும் பாப்பா, நம்ம தூளு பதினஞ்சு நாள்ல செத்துரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். 2012 மின்வெட்டில் நாளில் பாதிக்குமேல் கரண்ட் இல்லாமல், எப்போது வரும் என்று மிஷின் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கிடந்தார், ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்து அரைப்பார். பாக்கெட் போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஞாயிறு மத்தியானம் மட்டும் கடை கிடையாது. எல்லோரையும் கூட்டிக்கொண்டு பூம்புகார் கடற்கரை. அங்கே போயும் கடலைப் பார்க்க மாட்டார், மணலில் படுத்து நன்றாகத் தூங்குவார். ஐப்பசிக் கடைமுகத்துக்கு ஊரே துலாக் கட்டத்தில் முங்கும்போது அவர் கடையில் இருப்பார், வெளியூர்க் கூட்டம் தூள் வாங்குமே. அம்மா ஒரு சொம்பில் காவிரித் தண்ணீர் கொண்டுவந்து அவர் தலையில் தெளித்துவிட்டுப் போவாள்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றை. எங்கள் வீட்டில் என்ன காபி குடித்தோம் தெரியுமா? ராத்திரி கடை மூடும்போது மிஷின் வாயில் ஒட்டியது, தட்டில் சிந்தியது, எடை போட்டதில் மிஞ்சியது எல்லாவற்றையும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தட்டி எடுத்து வருவார். அதில் கணக்கு வாத்தியாரின் பீபரியும் இருக்கும், மெஸ்ஸின் நாற்பது சிக்கரியும் இருக்கும். மறுநாள் காலைக் காபி அதுதான். ஒரு நாள் அமிர்தம், மறுநாள் கஷாயம். "இன்னிக்கு மெஸ்ஸுக்கு நிறைய அரைச்சீங்களாக்கும்" என்று அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்வாள், சரியாக இருக்கும்.

ஐந்து நோட்டையும் புரட்டினேன். ஊர் முழுக்க இருக்கிறது, எங்கள் வீட்டுக் கணக்கு மட்டும் எங்கேயும் இல்லை.

ஊரிலிருந்து திரும்பிய வாரம், இங்கே சென்னையில் நான் வழக்கமாக வாங்கும் அரவைக் கடையில் ராத்திரி ஒன்பதரைக்குப் போய், "தம்பி, மிஷின்ல ஒட்டினது, மிஞ்சினது எல்லாம் சேர்த்து ஒரு நூறு கிராம் தர முடியுமா?" என்று கேட்டேன். "அது வேஸ்ட்டுக்கா, விக்கிறதில்ல" என்றான். விற்க வேண்டாம், சும்மா கொடு என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனான். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார், என் வயதுதான் இருக்கும்.

"உங்க வீட்லயும் கடை வச்சிருந்தாங்களா?"