இடது பக்கத்து இடைவெளி

செப்டம்பர் 7, ஞாயிறு

எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், வந்துவிட்டது. ஸ்கூட்டர் ஓட்ட என்னிடம் ஏற்கெனவே உரிமம் உண்டு. ஆனால் அது கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே செல்லும். தோஹாவுக்குப் போன தம்பி போர்வை போர்த்தி நிறுத்திவிட்டுப் போன 125 சிசி மோட்டார் சைக்கிளைத் தெருவில் இறக்க வேண்டுமானால், எல்எல்ஆர், 30 நாள் காத்திருப்பு, தேர்வு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் தேர்வை முடிக்காவிட்டால் எல்எல்ஆர் காலாவதி.

நல்ல ஸ்கூட்டர் இருக்கும்போது இந்த வேலை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். வடசென்னையில் தண்டையார்பேட்டையிலிருந்து மணலி கன்டெய்னர் யார்டுக்குத் தினமும் போய்வந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். லோடு லாரிகள் உழுதுபோட்ட சாலை அது. ஸ்கூட்டரின் 10, 12 அங்குலச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கிக் குசலம் விசாரித்துவிட்டுத்தான் ஏறும். மோட்டார் சைக்கிளின் 18 அங்குலச் சக்கரம் அதே பள்ளத்தை ஒரு சின்னக் குலுங்கலோடு தாண்டிவிடும். என் இடுப்புக்கு இந்த ஒரு காரணம் போதும்.

கற்றுக்கொடுக்க மாமா ஒப்புக்கொண்டார். அம்மாவின் தம்பி, திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்துக்காரன் புல்லட்டை 1955-இல் நம் ஊரில் பூட்டுவதற்காக ஆரம்பித்த கம்பெனி என்ற வரலாற்றை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவார். இந்தப் பக்கத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்தபடியாக ஒரு புல்லட் படமாவது தொங்கும். அவருடைய முதல் கட்டளையில் வண்டியே வரவில்லை. “துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு வா. ஷூ போட்டுக்கொள். செயின் துணியை இழுத்தால் கழுத்தையும் சேர்த்து இழுக்கும், தெரியுமில்லையா?”

செப்டம்பர் 14, ஞாயிறு

விம்கோ நகர் பக்கம் மூடிக் கிடக்கும் ஆலை ஒன்றின் மதிலோரத் தெரு. விடிவதற்கு முன்பே போய்விட்டோம். ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். முதல் கியரைப் போட்டு, கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட வேண்டும். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் தாழ்கிறது. கைப்பிடியில் ஓர் அதிர்வு. வண்டி முன்னே நகரப் பார்க்கிறது. கை அங்கேயே நிற்க வேண்டும். பிறகு மறுபடியும் முழுக்கப் பிடித்து, மறுபடியும் அதே இடத்துக்கு வர வேண்டும். காலைக் கீழே ஊன்றியபடி, நடக்கும் வேகத்தில், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இதே வேலைதான். டீக்கடை திறந்தபோது இடது முன்கை கடுத்துக்கொண்டிருந்தது. நெரிசலில் மெதுவாக ஓட்டும் வித்தை முழுவதும் அந்த ஹாஃப் கிளட்சின் அரை அங்குல இடத்துக்குள் இருக்கிறது என்கிறார் மாமா.

ஸ்கூட்டரிலிருந்து வருகிறவர்களுக்கென்று தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. இதை யாராவது பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். ஸ்கூட்டரில் இடது கையில் இருப்பது பின் பிரேக். மோட்டார் சைக்கிளில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். நாய் குறுக்கே வந்தால் இத்தனை வருஷப் பழக்கத்தில் இடது கை தானாக இறுகும். இங்கே அப்படி இறுக்கினால் பிரேக் பிடிக்காது; அதற்கு மேல், இன்ஜின் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததும் அறுந்துபோய், வண்டி தங்குதடையின்றி உருளும். பின் பிரேக் வலது காலடியில் இருக்கிறது. ஆகவே கைக்குத் தெரிந்ததை மறக்கடித்து, காலுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். மாமா திடீர் திடீரென்று கைதட்டுவார்; தட்டிய உடனே வலது கையும் வலது காலும் மட்டும் வேலை செய்ய வேண்டும். தெருநாய்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. ஒன்றுகூட உதவிக்குக் குறுக்கே வரவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று முழுக்க பிரேக். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. மணிக்கு 20 கிலோமீட்டரில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிடிக்க வேண்டும். நின்ற இடத்தை மாமா எட்டு வைத்து அளப்பார். 20-இல் வந்தபோது நான்கு எட்டு. 40-இல் வந்தால் எட்டு எட்டுதானே என்றேன். “ஓட்டிப் பார்” என்றார். பதினாறைத் தாண்டியது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் அதை ஒரு மனிதர் ஷூ காலால் நடந்து காட்டும்போது வயிற்றைக் கலக்குகிறது. இது பிரேக்கைத் தொட்ட பிறகான கணக்கு. 40-இல் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகிறது. பார்த்து, புரிந்து, கை நகர ஒரு நொடி என்று வைத்துக்கொண்டாலும் அந்த 11 மீட்டர் சும்மா போய்விடும்.

ஊரில் பாதிப்பேர் முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று நம்புகிறார்கள். உண்மையில், பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் டயர் தரையோடு அழுந்துகிறது. பின் டயர் லேசாகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் சக்கரம்தான் செய்யும். ஆபத்து வெடுக்கென்று பிடிப்பதில் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போல ஆரம்பத்தில் மெதுவாக, போகப்போக அழுத்தமாக, என்பது மாமாவின் பாடம். ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது மட்டும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 125 வரை சிபிஎஸ் என்ற கூட்டு பிரேக் இருந்தால் போதும் என்பது அப்போதைய விதி. தம்பியின் வண்டி அந்தக் கோட்டில் சரியாக வந்து நிற்கிறது. காலால் அழுத்தினால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும், அவ்வளவுதான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்றும் வேலையை விரல்கள்தான் செய்ய வேண்டும்.

செப்டம்பர் 24, புதன்

வண்ணாரப்பேட்டையில் ஹெல்மெட் வாங்கினேன். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது தலையில் தாராளமாகச் சுற்றியது. “காற்றோட்டமாக இருக்கும் அக்கா” என்றார். கன்னத்தை நெருக்கிப் பிடிப்பதாக, தலையை ஆட்டினால் கூடவே ஆடுவதாக, ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருப்பதாக ஒன்றைத் தேடி எடுத்தேன். பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருக்கும். அதைத் திரும்பப் போடக் கூடாது. ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து தலையில் கவிழ்த்துக்கொண்டு வாரை மாட்டாமல் போகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது.

செப்டம்பர் 28, ஞாயிறு

எட்டு. முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் எட்டு வராது. காலை ஊன்றத்தான் தோன்றும். அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கே கழுத்தைத் திருப்பிப் பார்த்தால், ஹாஃப் கிளட்சிலும் பின் பிரேக்கின் மெல்லிய அழுத்தத்திலும் வண்டி தானாகச் சுற்றி வருகிறது. பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்தில்தான் இறங்குவோம் என்பதும் இதே கணக்குத்தான்.

பிறகு மாமா ஒரு விசித்திரம் சொன்னார். வேகமாகப் போகும்போது இடப்பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டுமாம். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். 35-இல் நேராகப் போய், உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பார்த்தேன். முன் சக்கரம் ஒரு கணம் வலப்புறம் ஒதுங்க, வண்டி இடப்புறம் சாய்ந்தது, சாய்ந்ததும் திரும்பியது. சைக்கிள் ஓட்டிய நாள் முதல் உடம்பு தெரியாமல் செய்துகொண்டிருந்ததுதான் இது. தெரிந்து செய்தால், திடீரென்று எதிரே கல் கிடக்கும்போது ஒதுங்கும் வேகமே வேறு.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

யார்டில் இன்று வேலை அரைகுறைதான். டிரெய்லர்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கேட்டில் நுழைவுச் சீட்டு போடுகிறவள் என்பதால் டிரைவர்கள் எல்லாரும் பழக்கம். அவர்களில் ஒருவர் தூத்துக்குடிக்காரர்; பொரியும் சுண்டலும் கொடுத்தார். கியர் வண்டி பழகுவதாகச் சொன்னதும், “அப்படியானால் மேலே ஏறி உட்கார்ந்து பாருங்கள் மேடம்” என்றார்.

நாளெல்லாம் பார்க்கும் வண்டிதான். அதன் இருக்கையிலிருந்து கீழே ஒருநாளும் பார்த்ததில்லை. ஸ்டீயரிங் வலப்பக்கம், இடது கதவு வெகுதூரத்தில் இருக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் தரை உடனே தொடங்கவில்லை. வண்டிக்கு முன்னே ஒரு நீளத் தரையை கேபினே விழுங்கிவிடுகிறது. கிளீனர் பையன் என் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து இடது கதவுக்குக் கீழே நிறுத்தினான். எட்டிப் பார்த்தேன், கதவும், அதற்கு அப்பால் எதிர் மதிலும்தான் இருந்தன. கண்ணாடியிலும் இல்லை. பையன் கையைத் தூக்கி ஆட்டினான். விரல் நுனிகள் மட்டும் ஜன்னல் விளிம்பில் தெரிந்தன. “இங்கே வந்து நின்றுகொண்டு ஹாரன் அடிப்பார்கள், அண்ணன் நம்மைப் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது.

பையனை மெல்லப் பின்னால் போகச் சொன்னோம். 40 அடி கன்டெய்னரின் வால் வரைக்கும் போய், அங்கிருந்தும் இரண்டு மூன்று ஆள் தூரம் தள்ளி, கொஞ்சம் வெளிப்பக்கமாக ஒதுங்கிய பிறகுதான் கண்ணாடியில் என் வண்டியின் முகப்பு விளக்கு வந்தது.

அதற்குப் பிறகு நான் இறங்கிக்கொள்ள, அவர் வண்டியை இடப்பக்கம் திருப்பிக் காட்டினார். கழுவிய தண்ணீர் தரையில் தேங்கியிருந்ததால் டயர்த் தடங்கள் அச்சாக விழுந்தன. முன் சக்கரங்கள் அகலமாக வளைந்து போயிருந்தன. பின் சக்கரங்கள் அந்தத் தடத்தில் வரவேயில்லை. மூலையை உள்பக்கமாக அறுத்துக்கொண்டு போயிருந்தன. இரண்டு தடங்களுக்கும் நடுவே என் வண்டியைக் குறுக்கே நிறுத்தலாம். சிக்னலில் இடது ஓரமாக நுழைந்து முன்னே போய்விடலாம் என்று நம்மை ஆசை காட்டும் இடைவெளி அதுதான். டிரெய்லர் திரும்புவதற்காக வலப்பக்கம் ஒதுங்கும்போதுதான் அது இன்னும் அகலமாகத் திறக்கிறது.

பொரியைக் கையிலேயே வைத்திருந்தேன். சாப்பிடத் தோன்றவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

தேர்வு. எட்டு போட்டேன், கால் ஊன்றவில்லை, கை சைகை காட்டினேன், முடிந்தது. டிரெய்லரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் மாமா தன் பழைய புல்லட்டில் உட்கார வைத்தார். கியர் வலது காலில், பிரேக் இடது காலில்; முதல் கியர் மேலே, மற்றவை கீழே. நியூட்ரலுக்கென்று தனியாக ஒரு சின்ன லீவர். நான் கஷ்டப்பட்டுக் கற்றதெல்லாம் அங்கே தலைகீழ். “ஓட்டுகிறாயா?” என்றார். கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

பருவமழை தொடங்கிவிட்டது. மழையின் முதல் அரைமணி நேரம்தான் மோசம். இத்தனை நாள் சாலையில் சேர்ந்த ஆயிலும் டயர்த்தூளும் மண்ணும் குழைந்து மேலே வரும். பலமாகப் பெய்து கழுவிய பிறகு பிடிமானம் கொஞ்சம் திரும்பும். இரும்பு மூடிகளும் வெள்ளைக் கோடுகளும் எப்போது பெய்தாலும் வழுக்கும். முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்ததும் எண்ண ஆரம்பித்து, நான் அதே கம்பத்துக்கு வர வெயிலில் இரண்டு நொடி இருந்தால் மழையில் நான்கு நொடியாவது வேண்டும். நம் ஊரில் அந்த நான்கு நொடிக்குள் இரண்டு ஆட்டோ புகுந்துவிடும் என்பது வேறு விஷயம். புகுந்தால் மறுபடியும் பின்வாங்கி எண்ணத் தொடங்குகிறேன்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நனைந்த தண்டவாளம் பளபளத்தது. அதைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் தண்டவாளத்தோடு ஓடிவிடும். முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, நேர்குறுக்காக வந்து, மேலே இருக்கும்போது பிரேக்கும் இல்லை, முறுக்கலும் இல்லை. கேட் திறந்ததும் எதிரும் புதிருமாக மொத்தக் கூட்டமும் பாய்கிற இடத்தில் நேர்குறுக்காக வர இடம் கிடைப்பதுதான் பாடு. கூட்டத்தைப் போகவிட்டுக் கடைசியில் கடந்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

காலையில் எண்ணூர் விரைவுச் சாலை வழியாகப் போனேன். ஒரு பக்கம் கடலரிப்புக்குப் போட்ட கருங்கற்கள், மறுபக்கம் டிரெய்லர் வரிசை. அலை அடித்து ஒதுக்கிய மணல் சில இடங்களில் சாலை ஓரத்தில் படிந்திருக்கிறது. அங்கே வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும்.

சிக்னலில் ஒரு டிரெய்லருக்குப் பின்னால், அதன் வலது கண்ணாடியில் டிரைவரின் முகம் எனக்குத் தெரிகிற மாதிரி தள்ளி நின்றேன். அவர் முகம் எனக்குத் தெரிந்தால் என் முகம் அவருக்கும் தெரியும். இடது ஓரத்தில் ஒரு பைக் தாராளமாக நுழையும் இடம் காலியாகக் கிடந்தது. பின்னால் இரண்டு பேர் விடாமல் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் பக்கத்தில் வந்து, “அக்கா, பழகும் வண்டியா? ஓரமாக நிற்கக் கூடாதா?” என்றார். “இண்டிகேட்டர் போட்டிருக்கிறான், பாருங்கள் தம்பி” என்றேன். பார்த்தார். அலுத்துக்கொண்டார். ஆனால் நுழையவில்லை. இன்னொருவர் நுழைந்தார், கிளீனர் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தி, டிரெய்லர் நின்று, அவர் கடந்து போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இது தைரியமில்லாத ஓட்டம் என்கிறான் தம்பி, தோஹாவிலிருந்து போனில். அங்கே அவன் கார் ஓட்டுகிறான். சொல்லட்டும்.

டயர் காற்று இரண்டிலும் குறைந்திருக்கிறது. நாளைக் காலை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால், தெருமுனையிலேயே பார்த்துவிட வேண்டும். கிளட்ச் கேபிளில் லீவருக்குப் பக்கத்தில் ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை மெக்கானிக்கிடம் விட்டால், ஆயிலையும் சேர்த்து மாற்றச் சொல்லலாம்.